வரைபடத்தில் மட்டும் இருந்த தெரு

இல்லாத ஒரு தெருவை இருக்கிறது என்று நான் சொன்னேன். ஒரு விசாரணையில், மேலதிகாரியின் முன்னால், நேரில் பார்த்தேன் என்று சொன்னேன். நான் பார்த்திருக்கவில்லை. அந்தத் தெரு ஓடுவதாக நான் கோடு போட்டிருந்த இடத்தில் பதினொரு குடிசைகள் நின்றன.

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில், பல வருஷங்களாக நடக்காமல் கிடந்த உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று, நகரத்தின் வார்டு எல்லைகளைத் திருத்தும் வேலை எங்களுக்கு வந்தது. ஒரு நாடு மாநிலங்களாகவும் மாநிலம் மாவட்டங்களாகவும் பிரிவதைப் பற்றிப் பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதற்கும் கீழே நகரம் வார்டுகளாகப் பிரிவதை யாரும் எழுதுவதில்லை. அந்தக் கடைசிக் கோடுகள் என்னைப் போன்றவர்களின் மேசையில், கூர் சீவிய பென்சிலால் போடப்பட்டன. மேலே போடும் கோடு யார் வீட்டின் நடுவிலும் போகாது. நாங்கள் போடும் கோடு போகும். அதனால்தான் எங்களுக்கு விதிகள் அதிகம்.

முக்கியமான விதிகள் இரண்டு. வார்டுகளின் மக்கள்தொகை கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். எல்லைக் கோடு கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றின் மீது போக வேண்டும்: தெரு, கால்வாய், ரயில் பாதை, மதில் இப்படி ஏதாவது. வெறும் தரையில் கோடு போடக் கூடாது. எல்லை விவரத்தை வடமேற்கு மூலையில் தொடங்கிக் கிழக்கே போய், தெற்கே இறங்கி, மேற்கே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து முடிக்க வேண்டும். எழுதுவதற்கு முன்னால் அதே வரிசையில் நடந்து பார்க்க வேண்டும். நடக்கும்போது வார்டு எப்போதும் நம் வலது கைப்பக்கம் இருக்கும். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது பிராகாரம் சுற்றுவது போலப் பழகிவிட்டது. சுற்றி முடித்ததும் விவரத்தின் அடியில் 'நேரில் நடந்து சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

என் பொறுப்பில் இருந்த எல்லா வார்டுகளையும் நடந்தேன். ஒரே ஒரு கோட்டை மட்டும் நடக்கவில்லை.

அடையாற்றின் வடகரையில் ஒரு குடிசைப் பகுதி இருந்தது. வடக்கே பெரிய சாலை, தெற்கே ஆறு, நடுவில் முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். முழுதாக எந்த வார்டில் சேர்த்தாலும் அந்த வார்டின் கணக்கு எகிறியது. இரண்டாகப் பிரித்து, மேற்குப் பாதியைத் தியாகராய நகர்ப் பக்கத்து வார்டிலும் கிழக்குப் பாதியை மயிலாப்பூர்ப் பக்கத்து வார்டிலும் சேர்த்தால் இரண்டும் சரியாக வந்தன. பிரிப்பதற்கு நடுவில் ஒரு தெரு வேண்டும்.

மழைக்காலம். சாலை ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று கீழே பார்த்தேன். குடிசைகளுக்கு நடுவில் ஒரு திறப்பு தெரிந்தது. தண்ணீர்க் குழாயைச் சுற்றி நல்ல அகலமாகவே இருந்தது. அது ஆறு வரை அப்படியே போகும் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே முழங்கால் அளவு சேறு. மறுநாள் காலையில் வரைபடம் பிரிண்டுக்குப் போக வேண்டும். திரும்பி வந்து, டிரேசிங் தாளில் பன்னிரண்டு அடித் தெரு ஒன்றை இரட்டைக் கோடாக ஆறு வரை இழுத்து, 'பெயரில்லாத் தெரு' என்று எழுதினேன். சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்தும் போட்டேன். இதுவரை நடந்தது சோம்பல். இதை மட்டும் செய்திருந்தால் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன்.

வரைவு எல்லைகளை வெளியிட்டு, ஆட்சேபணை உள்ளவர்களைத் தேனாம்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மாடிக்கு வரச் சொன்னோம். வந்தவர்களில் பெரும்பாலோர் கட்சிக்காரர்கள். தங்களுக்கு ஓட்டு விழும் தெரு பக்கத்து வார்டுக்குப் போய்விட்டது என்று சண்டை போட்டார்கள். மேலதிகாரி ஒவ்வொரு மனுவாகக் கேட்டு, பக்கத்தில் வரைபடத்தோடு நின்ற என்னைப் பார்ப்பார். நான் பதில் சொல்வேன். அவர் எழுதுவார்.

மத்தியானத்துக்கு மேல் மூன்று பெண்கள் வந்தார்கள். முன்னால் நின்றவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்களில் சிமென்ட் காய்ந்திருந்தது. கையில் கோடு போட்ட தாளில் எழுதிய மனு.

"உங்க ஆட்சேபணை என்னம்மா?" என்றார் மேலதிகாரி.

"தெருவே இல்லாத எடத்துல தெருன்னு போட்டுக்கீறீங்க சார்."

"எந்தத் தெரு?"

"அத்தான் நானும் கேக்கறேன்."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வரைபடத்தை விரித்து இரட்டைக் கோட்டின் மேல் விரலை வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இதுவா? இது சந்து சார். கொழாயாண்ட மட்டும் எடம் கீது. அப்பால ஒண்ணும் கெடையாது. நான் சித்தாளு. எங்க கொத்தனாராண்ட டேப்பு வாங்கினு போய் அளந்தேன். ரெண்டே முக்கா அடி. கொடத்த இடுப்புல வச்சினு ஒருத்தி வந்தா, எதுக்க போறவ பின்னாலயே திரும்பிப் போவணும். இதுல பன்னெண்டு அடின்னு எழுதிக்கீது."

"எழுதினா உங்களுக்கு என்னம்மா நஷ்டம்? ஓட்டு எங்க போட்டாலும் ஓட்டுதானே?"

"ஓட்டு கெடக்கட்டும் சார். பன்னெண்டு அடின்னா என் ஊடு அதுக்குள்ள வருது. எங்க வரிசையில பதினோரு ஊடு வருது. இன்னிக்குத் தெருன்னு எழுதுவீங்க. நாளைக்குத் தெருவ மறிச்சி ஊடு கட்டிக்கீறேன்னு எங்களச் சொல்லுவீங்க."

மேலதிகாரி பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க நேர்ல பாத்தீங்கல்ல?"

அந்த ஒரு கேள்விக்கு எத்தனை நேரம் எடுத்துக்கொண்டேன் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். நேரமே எடுத்துக்கொள்ளவில்லை. பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்க் கையெழுத்துக்காக ஒழுங்கு நடவடிக்கை விதி பதினேழு பி-யில் குற்றச்சாட்டு வரும். பதவி உயர்வுப் பட்டியல் அந்த மாதம் வருவதாக இருந்தது. அதில் என் பெயர் மூன்றாவது.

"பார்த்தேன் சார். பன்னிரண்டு அடி இருக்கிறது. இவங்க வேற சந்தைச் சொல்றாங்கபோல."

அவள் என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

"என் சந்து எனக்குத் தெரியாதா ஐயிரே? நீ எப்ப வந்த? யார் ஊட்டு வாசல்ல நின்ன? சொல்லு."

"தேதி எல்லாம் கோப்பில் இருக்கிறது."

"கோப்பு வந்துச்சா எங்க சந்துக்கு? நீ வந்தியா இல்லியா?"

"அம்மா, மரியாதையாப் பேசுங்க," என்றார் மேலதிகாரி. மனுவின் ஓரத்தில் ஒரு சொல் எழுதினார். தள்ளுபடி. அடுத்த மனுவைக் கூப்பிட்டார்கள். அவள் உடனே போகவில்லை. சுவரோரமாக நின்று, நான் வரைபடத்தைச் சுருட்டி நாடா கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று சாயந்திரம் வீட்டில் என் மனைவி கேட்டாள். "ஏன்னா, காபி ஆறிப் போயிடுத்து. என்ன யோசனை?"

"ஆபீஸ்ல ஒரு பொம்மனாட்டி என்னைப் பொய்யன்னு சொல்லிட்டா."

"பொய் சொன்னேளா?"

"இல்லை."

"அப்புறம் என்ன? சந்தேகமா இருந்தா ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்கோ. பக்கத்துலதானே இருக்கு."

இறுதி அறிவிக்கை வெளிவரப் பத்து நாள் இருந்தது. நான்காம் நாள் மழை விட்டது. காலையில் சித்தாள்கள் வேலைக்குப் போன பிறகு போனேன். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். குழாயைத் தாண்டிப் பத்து எட்டு வைத்ததும் இரு பக்கத்துக் கூரையும் என் தோளில் இடித்தன. மடக்கிய குடையைக் குறுக்கே பிடித்தேன். குடை நுழையவில்லை. எதிரே ஒரு கிழவர் சுவரோடு ஒட்டி நின்று எனக்கு வழி விட்டார். "யாரு வோணும் நைனா?" என்றார். யாருமில்லை என்று சொல்லிவிட்டு, திரும்ப இடமில்லாமல், கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்து வெளியே வந்தேன்.

இன்னும் ஆறு நாள் இருந்தது. தினமும் அலுவலகத்துக்குப் போகும்போது பஸ்ஸிலேயே வாக்கியத்தைத் தயார் செய்வேன். 'சார், அந்த ஆற்றங்கரைக் கோட்டில் ஒரு சின்னத் திருத்தம்.' மேலதிகாரியின் அறை வாசல்வரை இரண்டு தடவை போனேன். ஒரு தடவை அவர் நிமிர்ந்து, "என்ன சார், ஏதாவது வேணுமா?" என்றுகூடக் கேட்டார். லீவு லெட்டரைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு வந்தேன். அந்த ஆறில் ஐந்தாம் நாள் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. ஆறாம் நாள் அறிவிக்கை வெளியானது. அரசாங்கத்தின் பார்வையில் தெரு பிறந்துவிட்டது. தேர்தலும் நடந்தது. நான் தியாகராய நகரில் வேறொரு அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனேன்.

மூன்று வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் பயந்தது வீண் என்று என்னை நம்பவைத்துக்கொண்டேன்.

பிறகு ஆற்றங்கரையைச் சீர்செய்வது என்று முடிவானது. அங்கே இருப்பவர்களைக் கணக்கெடுத்து, அடையாளச் சீட்டு கொடுத்து, வேறு இடத்தில் வீடு தருவதாக ஏற்பாடு. கணக்கெடுப்புக் கோப்பு எங்கள் அலுவலகம் வழியாகப் போனது. என் மேசைக்கு வந்த அன்று அதைத் திறந்தேன். பழைய டிரேசிங்கிலிருந்து புதிதாக எடுத்த, அமோனியா வாடை போகாத ஒரு பிரிண்ட் முதல் பக்கத்திலேயே இருந்தது. என் டிரேசிங். என் எழுத்து. என் இரட்டைக் கோட்டுக்குள் பதினொரு சிறு கட்டங்களைச் சிவப்புப் பென்சிலால் வரைந்து, யாரோ எழுதியிருந்தார்கள்: 'பொதுத் தெருவில் ஆக்கிரமிப்பு. மாற்று வீடு பெறத் தகுதியில்லை. முதலில் அகற்றப்பட வேண்டும்.'

அவள் விசாரணையில் சொன்னது வார்த்தை மாறாமல் நடந்திருந்தது. மற்ற எல்லோருக்கும் சீட்டு கிடைக்கும். இந்தப் பதினொரு குடும்பத்துக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

அன்று உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். தெரு இல்லை, நான் நடந்து பார்க்கவில்லை, விசாரணையில் பொய் சொன்னேன், பிறகு போய்ப் பார்த்து உண்மை தெரிந்தும் மறைத்தேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் படித்துவிட்டார்.

"சார், உங்களுக்கு ரிட்டையர்மென்ட் ஒன்றரை வருஷத்துல. பைத்தியமா உங்களுக்கு?"

"கோடு என்னுடையது."

"கோடு கவர்ன்மென்டோடது சார். நீங்க சம்பளத்துக்குப் போட்டீங்க."

புது மேலதிகாரி அதை நின்றுகொண்டே படித்தார். "இதை எடுத்துட்டுப் போங்க. நான் பாக்கலைன்னு வச்சுக்கறேன்."

"பதிவு பண்ணிட்டேன் சார். நம்பர் போட்டாச்சு."

அவர் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, இடத்தை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்று குறிப்பு எழுதி, மூன்று வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமையைப் போட்டார். அதுவரை அகற்றுவதை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அது வேறு துறை, எழுதிப் பார்க்கிறேன் என்றார். எழுதினாரா என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, அவள் இருக்கும் நேரமாகவே பார்த்து, குடிசைப் பகுதிக்குப் போனேன். குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"இங்க பாருங்கடி, தெரு போட்டவரு வந்துக்கீறாரு. நகந்து நில்லுங்க. அவருக்குப் பன்னெண்டு அடி வோணும்."

பெண்கள் சிரித்துக்கொண்டே நிஜமாகவே ஒதுங்கி நின்றார்கள். நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். வியாழக்கிழமை ஆய்வு இருப்பதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"இப்ப இன்னாத்துக்கு வந்து சொல்ற? அப்ப உன்னாண்ட நல்லாத்தான கேட்டேன். வந்தியா இல்லியான்னு."

"வரவில்லை. பொய்தான் சொன்னேன்."

"தெரியும்." குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள். "நீ சொன்னப்பவே தெரியும். அளந்தவன் எத்தினி அடின்னு சொல்றப்ப கைய விரிச்சிக் காட்டுவான். நீ காட்டல. சரி, வியாயக்கெயம வரட்டும். அன்னிக்கு நான் வேலைக்குப் போவல. நானே டேப்பு புடிக்கறேன்."

ஆய்வுக்கு முந்தின திங்கட்கிழமை இயந்திரம் வந்தது. பட்டியலில் முதலில் அகற்ற வேண்டியவை என்று இருந்தது அந்தப் பதினொன்று. மற்றக் குடிசைகளைத் தொடவில்லை. எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரியும். ஓடிப் போய்ப் பார்த்தபோது ஓலையும் தகரமும் ஓரமாகக் குவிந்து கிடந்தன. அவள் அங்கே இல்லை. வேளச்சேரியில் தங்கை வாடகைக்கு இருக்கும் அறைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஆனாலும் வியாழக்கிழமை வந்தாள். சொன்னபடியே டேப்பைக் கொண்டுவந்திருந்தாள். புது மேலதிகாரியும் இரண்டு அளவையாளர்களும் நானும் குழாயடியிலிருந்து ஆற்றைப் பார்த்தோம். சாலையிலிருந்து தண்ணீர் வரை நேராக ஒரு தெரு போனது. அளவையாளர் குறுக்கே டேப்பை இழுத்து, "பன்னிரண்டு அடி நாலு அங்குலம் சார்," என்றார்.

மேலதிகாரி என் இரண்டு பக்கத்தை எடுத்துப் பார்த்தார். "தெரு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இருக்கே?"

"திங்கட்கிழமை வரை இல்லை சார். இதுல இவங்க வீடுகள் இருந்தன."

"நான் இன்னிக்கு என்ன இருக்குன்னுதான் எழுத முடியும்."

 அவள் தன் வீடு இருந்த இடத்தில் போய் நின்றாள். அளவையாளர் படம் வரைவதற்குக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றாள். 'வரைபடத்தில் கண்டுள்ள தெரு தரையில் உள்ளது. வாக்குமூலம் உண்மைக்கு மாறானது' என்று அறிக்கை போனது. நான் பொய் சொன்னபோது ஏற்றுக்கொண்டார்கள், உண்மை சொன்னபோது அது பொய் என்று பதிவாயிற்று. பதினேழு பி-யில் எனக்குக் குற்றச்சாட்டு வந்தது. ஆனால் முதல் கையெழுத்துக்காக இல்லை. தவறான வாக்குமூலம் கொடுத்து அரசுப் பணியைத் தாமதப்படுத்தியதற்காக. மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன். பதவி இறக்கம் செய்தார்கள். பழைய பதவியிலேயே ஓய்வு பெற்றேன்.

அந்த ஆய்வுக்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவளோடு அலுவலகம் அலுவலகமாகப் போனேன். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், பள்ளிக்கூடச் சான்று என்று அவள் அங்கே குடியிருந்ததற்கு எதெல்லாம் அத்தாட்சியோ அதையெல்லாம் சேர்த்து, மனு எழுதிக் கொடுத்தேன். மற்றப் பத்துப் பேருக்கும் எழுதினேன். போகும் இடமெல்லாம் என் தலைநரையையும் சட்டையையும் பார்த்து நாற்காலி போடுவார்கள். அவள் என் பின்னால் நிற்பாள். ஒரு நாள் சைதாப்பேட்டையில் படி இறங்கும்போது நின்றாள்.

"நாளைலேர்ந்து நீ வராத ஐயிரே."

"ஏன், நான் ஏதாவது…"

"நீ வந்தா அவங்க உன்னாண்டதான் பேசறாங்க. என் ஊட்டப் பத்தி உன்ன கேக்கறாங்க. நீயும் சொல்லிக்கினு கீற. நான் ஒருத்தி நிக்கறது யாருக்கும் தெரிலை. அன்னிக்கு மாடியில இருந்த மாதிரியேதான் கீது."

நான் மனுக் கட்டை அவளிடம் கொடுத்தேன். வாங்கி, சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவள் சொன்னதற்காக நின்றேன் என்றுதான் மனைவியிடம் சொன்னேன். அது பாதி உண்மை. நான் களைத்துப் போயிருந்தேன். இனி வர வேண்டாம் என்று அவள் சொன்னது ஆறுதலாகவும் இருந்தது.

ஓய்வு பெற்று ஒரு வருஷத்துக்குப் பிறகு, பழைய அலுவலகத்துக்கு வேறு வேலையாகப் போனபோது, விடுபட்டவர்களுக்கான துணைப் பட்டியல் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எழுத்தரிடம் கேட்டேன். பதினொன்றில் ஏழு பேருக்குக் கிடைத்திருந்தது. அவளுக்கும் கிடைத்திருந்தது. தனியாகப் போய்த்தான் வாங்கியிருக்கிறாள். மீதி நான்கு பேர் எங்கே போனார்கள் என்று அந்தக் கோப்பில் இல்லை.

"வீடு எந்தப் பக்கம்?" என்றேன்.

அவர் ஊரின் பெயரைச் சொன்னார். நகரத்துக்குத் தெற்கே வெகுதூரத்தில், அப்போது பஸ்ஸே அபூர்வமாகப் போன ஒரு பொட்டல். அங்கிருந்து காலையில் சித்தாள் வேலைக்கு யாரும் மயிலாப்பூர்ப் பக்கம் வந்து சேர முடியாது.

"அங்க தண்ணி, பஸ் எல்லாம் எப்படி? போய்ச் சேர்ந்துட்டாங்களா?"

எழுத்தர் கோப்பை மூடிக் கட்டினார். "அது நம்ம மாவட்டம் இல்லை சார். எல்லைக்கு அந்தப் பக்கம். இவங்க பேரை இங்கேர்ந்து எடுத்தாச்சு. இனிமே அங்கதான் போய்க் கேக்கணும்."

நான் போய்க் கேட்கவில்லை.